பென்சிலால் அடித்த பத்தி

கோர்ட்டில் சுருக்கெழுத்தராக நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. ஓய்வு பெற்று இப்போது இரண்டு வருடமாகிறது. இடையில் பதினோரு நீதிபதிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பிறகு அதைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைப்பதுதான் என் வேலை. எந்தக் கோர்ட்டு, எந்த வருடம் என்று சொல்லப் போவதில்லை. திருநெல்வேலிச் சீமையில் ஒரு கோர்ட்டு, அது போதும். அந்தப் பதினோரு பேரில் ஒருவரையும், அவர் கொடுத்த ஒரு தண்டனையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதை என் கணவரிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

அந்த நீதிபதி சேலம் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர். புத்தாண்டு அன்று வக்கீல்களும் சிப்பந்திகளும் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்று நீதிபதியைப் பார்ப்பது எங்கள் கோர்ட்டில் வழக்கம். அந்த ஒரு எலுமிச்சம்பழத்தையும் வாங்க மனமில்லாமல் அவர் அன்றைக்கு விடுப்பு போட்டுவிடுவார். கல்யாண வீடுகளுக்குப் போகமாட்டார். சாயங்காலம் கொக்குளம் கரையோரம் தனியாக நடப்பார். எதிரே தெரிந்த வக்கீல் யாராவது வந்தால் திரும்பி வேறு பக்கம் போய்விடுவார் என்று சொல்வார்கள். என்னிடம் ஒருமுறை, "ஊரோட பழகினா தீர்ப்பு எழுத முடியாதும்மா" என்றார். வேலை விஷயம் தவிர்த்து அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் வந்த இரண்டாம் வருடம் ஒரு கொலைமுயற்சி வழக்கில் ஒருவரை விடுதலை செய்தார். சாட்சியத்தில் ஓட்டை இருந்தது. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுத்தார். மூன்று வாரம் கழியவில்லை, விடுதலையான ஆள் புகார் கொடுத்தவரை பஸ் நிறுத்தத்தில் வைத்து வெட்டிக் கொன்றுவிட்டான். காலையில் செய்தித்தாளை அவர் அறையில் வைத்தே படித்தார். நான் குறிப்பேட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தேன். தாளை நாலாக மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, "இன்னிக்கு டிக்டேஷன் வேண்டாம்மா, போங்க" என்றார். டவாலிச் சிப்பந்தி கொண்டுவந்த டீ ஆறிப்போய் அப்படியே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் தீர்ப்பு எழுத எடுத்துக்கொண்ட நாட்கள் கூடிக்கொண்டே போயின.

இந்த நிலையில்தான் சேரன்மகாதேவிப் பக்கத்து வழக்கு வந்தது.

மழை பொய்த்த வருடம் அது. பிசானப் பருவ நெல்லுக்குக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மடையைத் திறந்து அடைக்கும் வேலை பார்த்த ஒருவருக்கும் நிலக்காரர் ஒருவருக்கும் டீக்கடை முன்னால் வாய்த்தகராறு. "நாளைக்குப் பாத்துக்கிடுதேன்" என்று மடைக்காரர் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் விடிந்தபோது நிலக்காரர் மடையருகே மண்டை பிளந்து கிடந்தார். டிராக்டர் ஓட்டுநர் ஒருவர், விடியும் முன்பே வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தான் நின்றதாகவும், அந்தப் பக்கம் மடைக்காரர் மண்வெட்டியோடு ஓடியதைப் பார்த்ததாகவும் சொன்னார். வேறு சாட்சி கிடையாது.

மடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வக்கீல் வைக்க வழியில்லாததால் கோர்ட்டே ஒரு வக்கீலைக் கொடுத்திருந்தது. நீதிபதி அவரைக் கேள்வி கேட்ட அன்று நான் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"சாட்சி உங்களை மடைகிட்ட பார்த்ததாச் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

"பொய்யி ஐயா. நான் அங்கன இல்லவே இல்ல. மொத பஸ்ஸுல மணிமுத்தாறு போயிட்டேன். கொழுந்தியாளுக்குப் பிள்ள பொறந்திருந்துச்சு."

"நீங்க போனதுக்குச் சாட்சி?"

"கொழுந்தியாதான் ஐயா. பஸ்ஸுல வந்தவங்கள எனக்குத் தெரியாதுல்லா."

கொழுந்தியாள் கூண்டேறிச் சொன்னாள். சொந்தக்காரி வேறு எப்படிச் சொல்வாள் என்று அரசு வக்கீல் ஒரே வரியில் அதைத் தள்ளினார். பஸ் நடத்துநரைக் கூப்பிட்டிருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை.

தீர்ப்பை இரண்டு நாள் சொன்னார். முதல் நாள் முழுக்க நடந்தவற்றின் சுருக்கம். இரண்டாம் நாள் டிராக்டர் ஓட்டுநரின் சாட்சியத்துக்கு வந்தார். எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். மார்கழி மாதம், விடியாத நேரம், வயல்வெளியில் பனிமூட்டம், நடுவே வாய்க்காலின் அகலம், இவ்வளவையும் தாண்டி ஓர் ஆளின் முகத்தை அடையாளம் கண்டதாகச் சொல்வதை ஏற்க இந்த நீதிமன்றத்துக்குத் தயக்கமாக இருக்கிறது என்று ஒரு பத்தி. அந்தத் தயக்கம் நியாயமான சந்தேகம்தான் என்று இன்னொரு வரி. அடுத்து வரப்போவது விடுதலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அந்த வரி வரவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார்:

"போன தடவை சந்தேகத்தோட பலனைக் கொடுத்தேன். ரெண்டு குழந்தைங்களுக்கு அப்பா இல்லாமப் போச்சு." பிறகு திரும்பி, "கடைசிப் பத்தியை அடிச்சிடுங்கம்மா" என்றார்.

பென்சிலால் குறுக்கே கோடு போட்டேன். "சாட்சியை நம்பாமலிருக்க எந்தக் காரணமும் இல்லை" என்று அவர் புதிதாகத் தொடங்கினார். அதையும் எழுதினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஐயா, நிச்சயமா?" என்று மட்டுமாவது. சுருக்கெழுத்தர் கேட்கிற கேள்வி இல்லை அது. அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தண்டனையை வாசித்தபோது மடைக்காரர் கைகட்டி நின்றார். அதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தமிழில் கேட்டதற்கு, "எனக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு ஐயா" என்றார். அவ்வளவுதான். தீர்ப்பை வாசித்தது முழுக்க ஆங்கிலத்தில். வராந்தாவில் குழாயடியில் நின்றிருந்த அவர் மனைவி, வெளியே வந்த என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஐயா என்ன சொன்னாவ? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"ஆயுள்" என்றேன்.

"ஆயுசா? ஆயுசு குடுத்துட்டாவளா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. தூக்கு போட்டுவிடுவார்கள் என்று யாரோ பயம் காட்டியிருந்தார்கள். கும்பிட்டாள், என்னைத்தான். ஆயுள் முழுக்க உள்ளே இருக்க வேண்டும் என்பதை நான் பைய விளக்கிச் சொன்னேன். கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தீர்ப்பின் நகல் வாங்கிக் கொடுத்தேன். மேல்முறையீட்டுக்கு எங்கே போக வேண்டும், யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஊரில் இருக்க முடியாமல் அவள் மகளோடு வண்ணார்பேட்டைக்கு வந்து, ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மாதத்தில் ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்து, "அப்பீலு என்னாச்சு அக்கா?" என்று கேட்பாள். பொங்கலுக்கு ஒரு மஞ்சள்குலை கொண்டுவருவாள். நான் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுப்பேன். நாளடைவில் அவள் என் வீட்டு அடுக்களை வரைக்கும் வந்து உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு நெருங்கிவிட்டாள். "அக்கா மட்டும் இல்லன்னா நான் என்னைக்கோ ஆத்துல விழுந்திருப்பேன்" என்று சொல்வாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

அந்த வருடங்களில் பழைய வழக்குக் கட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு என்னை மூன்று மாதம் ஆவண அறைக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுகள் அங்கே இருந்தன. ஒருவனைத் தூக்கில் போடச் சொன்ன தீர்ப்பு மொத்தமே மூன்று பக்கம். இன்ன குலத்தான் ஆகையால் இவன் சாட்சி நம்பத்தக்கது என்று ஒரு துரை எழுதியிருந்தார். கோயில் வாசலில் யார் எதுவரை வரலாம், எந்த ஊருக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எந்தச் சுடுகாட்டுக்கு எந்தப் பாதை, எல்லாம் யாரோ ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியவை. மிஷன் பள்ளியில் நான் படித்த சரித்திரத்தில் யுத்தங்களும் கவர்னர்களும்தான் இருந்தார்கள். எங்கள் ஆற்றுக்கரை சனங்கள் எப்படி வாழ வேண்டியிருந்தது என்பது அந்தப் பாடத்தில் இல்லை, இந்தக் கட்டுகளில்தான் இருந்தது. நானும் அதில் சில ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறேன். பொடித்துப்போன ஒவ்வொரு தாளையும் திருப்பும்போது, இதிலும் ஒரு பத்தியை அடித்திருப்பார்களோ, எழுதியவன் வாய் திறக்காமல் இருந்திருப்பானோ என்றே யோசனை ஓடும். தும்மலும் கண்ணெரிச்சலுமாக வீட்டுக்கு வருவேன்.

ஐந்தாம் வருடம் மடைக்காரர் மகளுக்குத் தென்காசிப் பக்கம் வரன் வந்தது. அவர் மனைவி வந்து சொன்னபோது சந்தோஷமாகச் சொல்லவில்லை.

"தகப்பனாரு தவறிட்டாருன்னு சொல்லித்தான் பேசியிருக்கு அக்கா. வெளிநாட்டுல இருக்காவன்னு சொன்னா போன் பண்ணச் சொல்லுவாவல்லா."

"அவருக்குத் தெரியுமா?"

"அவுகதான் சொல்லச் சொன்னாவ. மனுப் போட்டுப் பாக்கப் போயிருந்தேன். 'நான் செத்துட்டேன்னு சொல்லிரு, பிள்ள நல்லா இருக்கட்டும்'னாவ. கம்பிக்கு அந்தாண்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ."

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அவள் நெற்றியில் பொட்டில்லாமல், தாலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிற புருஷனுக்கு விதவையாக. மகளுக்குத் தாலி கட்டும்போது அவளை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவளும் எழவில்லை. அட்சதையை அவளிடம் கொண்டுபோனது நான்தான். என் கையிலிருந்து கொஞ்சம் எடுத்து, இருந்த இடத்திலிருந்தே முன்வரிசைக்காரர்கள் தலைமேல் போட்டாள்.

ஏறக்குறைய ஏழு வருடத்தில் மேல்கோர்ட்டு மடைக்காரரை விடுதலை செய்தது. வழக்குக் கட்டு எங்களுக்குத் திரும்பி வந்தபோது மேல்தீர்ப்பும் அதோடு வந்தது. நின்றபடியே படித்தேன். மார்கழிப் பனியில், விடியாத நேரத்தில், வாய்க்காலுக்கு அப்பால் ஓடுகிற ஆளின் முகம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார்கள். இந்தச் சின்ன விஷயம் விசாரணை நீதிபதிக்குத் தோன்றாமல் போனது வருந்தத்தக்கது என்றும் ஒரு வரி இருந்தது. தோன்றாமல் போகவில்லை என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

நீதிபதி அப்போது ஓய்வு பெற்றுச் சேலத்தில் இருந்தார். நான்காம் நாள் போன் வந்தது.

"படிச்சீங்களாம்மா?"

"படிச்சேன் ஐயா."

"அவரை நான் பார்க்கணும். நீங்க கூட வரணும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதர் வெளியே வந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாக ஊருக்கே திரும்பியிருந்தார்கள். அவள் காலைப் பஸ்ஸில் வண்ணார்பேட்டைக்கு வேலைக்குப் போய் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரயில்வே ஜங்ஷனுக்குப் போய் நீதிபதியைக் கூட்டிக்கொண்டேன். வாடகைக் காரில் போனோம். நன்றாக வயதாகியிருந்தது அவருக்கு. சேரன்மகாதேவி போகிற வரைக்கும் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மடைக்காரர் வீட்டு முன்னால் விறகு உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தார். பக்கத்தில் நின்றவரை அடையாளம் தெரியவில்லை. "நான்தான் உங்களுக்குத் தண்டனை கொடுத்தவன்" என்று அவரே சொன்னார். கோடரியைக் கீழே போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக் கைகட்டி நின்றார் அந்த மனிதர். ஏழு வருடத்துக்கு முன்னால் கூண்டில் நின்ற அதே நிலை. நாற்காலியைக் காட்டி எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார் நீதிபதி.

"நீங்க என்ன ஐயா செய்வீய? சாட்சி சொன்னவன் சொன்னான், நீங்க எழுதுனீய."

இதோடு கிளம்பியிருக்கலாம். மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்கு அது போதவில்லை போலிருக்கிறது. "இல்லை. எனக்கு அன்னைக்கே சந்தேகம் இருந்துச்சு. எழுதவும் எழுதினேன். அப்புறம் பயந்துபோய் அந்தப் பத்தியை அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த மடைக்காரர் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பம், தெரிஞ்சேதான் உள்ள போட்டீயளா?"

"நீ சும்மா இரு" என்றார் புருஷன்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? எம் பிள்ள கல்யாணத்துல நான் முண்டச்சியா ஒக்காந்திருந்தேன்." அவள் கண் நீதிபதியை விட்டு என் பக்கம் வந்தது. "அடிக்கச் சொன்னேன்னா, ஆர அடிக்கச் சொன்னாவ?"

நீதிபதி என்னைப் பார்க்கவில்லை. எனக்காகப் பொய் சொல்லக்கூடிய மனிதரும் அல்ல அவர்.

"என்னைத்தான்" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா அக்கா? இத்தன வருசமாத் தெரியுமா?"

தெரியும் என்றேன். தட்டைத் தரையில் வைத்தாள். அழவில்லை. பிறகு நீதிபதியிடம் மட்டும் பேசினாள்.

"நீங்க எங்க சம்பந்தக்காரங்க வீட்டுக்கு வரணும். இவுக உயிரோட இருக்காவ, குத்தம் செய்யலன்னு ஒங்க வாயால அங்கன சொல்லணும்."

"வர்றேன்" என்றார்.

நானும் வருவதாகச் சொன்னேன். "நீங்க வர வேண்டாம்" என்றாள். நீதிபதியை மட்டும் கூட்டிக்கொண்டு அதே காரில் தென்காசிப் பக்கம் போனாள். நான் பஸ்ஸில் திரும்பினேன்.

அங்கே நடந்ததை அவர் மறுநாள் ரயில் ஏறுமுன் போனில் சொன்னார். சம்பந்தி மரியாதையாகத்தான் உட்கார வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். பிறகு, "குத்தம் செய்யலன்னு நீங்க சொல்லுதத நம்புதேன் ஐயா. ஆனா இல்லாத சாவச் சொல்லி எங்ககிட்டப் பொண்ணக் குடுத்தாவள்லா, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்களாம்.

"அந்தப் பொண்ணு கதவோரம் குழந்தையோட நின்னுச்சும்மா. 'எங்கப்பா மெலிஞ்சிட்டாவளா?'ன்னு என்கிட்ட கேட்டுச்சு. அதுக்குள்ள யாரோ உள்ளே கூப்பிட்டுட்டாங்க."

அவர்கள் யோசித்து முடிக்க எட்டு மாதமானது. மகள் மட்டும் தாய்வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போய் வரலாம், மாப்பிள்ளை போகமாட்டார், தகப்பன் சம்பந்தி வாசலை மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. காலையில் வந்து சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விடுவாள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்.

அடுத்த வருடம் நீதிபதி இறந்துபோனார். எங்கள் கோர்ட்டில் வழக்கப்படி இரங்கல் கூட்டம் நடந்தது. அப்போதிருந்த நீதிபதி அனுதாபத் தீர்மானத்தைச் சொல்ல, நான்தான் எழுதினேன். நேர்மையானவர், கைசுத்தமானவர், யாருக்கும் வளைந்து கொடுக்காதவர். ஒன்றுகூடப் பொய்யில்லை. எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் நின்றோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் வழியனுப்பு விழாவுக்குச் சேலை எடுக்க வண்ணார்பேட்டைக்குப் போனேன். ஊரில் எத்தனையோ கடைகள் இருக்கின்றன. தெரிந்தேதான் அவள் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். அவள் சேலை எடுத்துக் காட்டி விற்கும் வேலைக்கு மாறியிருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தாள். முன்னால் போய் நின்றேன். பார்த்தாள்.

"என்ன கலர் பாக்கணும் மேடம்?"

பச்சை என்றேன். பத்துப் பன்னிரண்டு சேலைகளை விரித்துக் காட்டினாள். கரை எப்படி, சாயம் போகுமா போகாதா, எல்லாம் சொன்னாள். ஒன்றை எடுத்துக்கொண்டேன். மற்றவற்றை அவள் மடிக்கத் தொடங்கினாள். எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். பின்னால் வேறு ஆட்கள் வந்து சேலை கேட்டார்கள். நான் நகர்ந்து அவர்களுக்கு வழிவிட்டேன்.